எலியின் மடி

எங்கள் ஊரில் எலிக்கு ஆபரேஷன் செய்துவைத்த ஒரே மனிதர் ஏஜெண்டு வைரக்கண்ணு. கார் பிடித்து, மடியில் கூண்டை வைத்துக்கொண்டு, தஞ்சாவூர் வரை போய்ச் செய்துவைத்தார். கூடப் போன பாவம் என்னைச் சேர்ந்தது.

அவரை ‘அவர்’ என்று எழுதுகிறேன். அதை மரியாதை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வேலை பார்த்த காலம் முழுவதும் கிளை நூலகத்தில் உட்கார்ந்து ‘வாசகர் அவர்கள்’ என்று எழுதியே பழகிய கை இது. ஆளைப் பிடிக்காவிட்டாலும் விகுதி தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது.

திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே இருக்கிறது எங்கள் ஊர். ஒரு காலத்தில் ஊரில் பாதி ஒரே பண்ணை. மிராசுதாரர் மெட்ராசில் இருந்தார். அறுவடைக்கு வந்து, கண்டுமுதல் நெல்லைப் பார்த்து, இளநீர் குடித்துவிட்டுப் போய்விடுவார். மற்ற நாளெல்லாம் பண்ணை என்றால் அது அவருடைய ஏஜெண்டு வைரக்கண்ணுதான். யாருக்கு வேலை உண்டு, யாருக்கு இல்லை, யார் எந்த வரப்பில் நடக்கலாம் என்பதெல்லாம் அவர் வாய்ச்சொல். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. அதற்குள் குடை பிடிக்கத் தனியாக ஒரு ஆள் வைத்திருந்தார்.

நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது மிராசுதாரர் பயந்துபோய் நிலத்தைத் துண்டு துண்டாகக் கண்டவர் பேரில் எழுதினார். சமையல்காரர் பேரில் எழுதினார். மாட்டு வைத்தியர் பேரில் எழுதினார். எப்போதோ செத்துப்போன ஒரு அத்தை பேரிலும் எழுதினார். ஏஜெண்டு பேரில் கணிசமாகவே எழுதினார். கெடுபிடி அடங்கியதும் திருப்பிக் கேட்டார். சமையல்காரர் அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வைரக்கண்ணு கொடுக்கவில்லை. “பட்டா எம்பேர்லதானங்க இருக்கு” என்றார். அவ்வளவுதான். பினாமி என்று வந்த நிலம் அன்றைக்கு அவர் சொந்த நிலமாயிற்று. மிராசுதாரரின் வாரிசுகள் இன்னமும் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு அவர் பெரிய மனிதர். ஆட்சி மாறும்போதெல்லாம் அவர் வேட்டியின் கரையும் மாறும். வீட்டுக் கூடத்தில் தலைவர்கள் படம் மாட்டுகிற ஆணி மட்டும் மாறாது. எரிவாயு எடுக்கிறோம் என்று வயலில் குழாய் பதிக்க வந்தவர்களுக்கு முதல் கையெழுத்துப் போட்டவர் அவர். அதை எதிர்த்துப் போட்ட உண்ணாவிரதப் பந்தலில் முன்வரிசை நாற்காலியும் அவருக்குத்தான். மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார்.

நிலத்தைச் சுருட்டிக்கொண்ட அந்தக் காலத்தில்தான் அவர் என் அம்மாவைத் திருடி என்றார்.

சம்பா அறுவடை முடிந்ததும் எங்கள் தெருக்காரர்கள் வயல் வரப்புகளில் எலி வளைகளை வெட்டுவார்கள். எலி கதிர் கதிராகக் கடித்து இழுத்துப்போய் வளைக்குள் அடுக்கி வைத்திருக்கும். அந்த நெல் வெட்டியவருக்குச் சொந்தம் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கதிரைக் காலால் தேய்த்து நெல்லை உதிர்த்து, பெண்கள் சேலை மடியில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வருவார்கள். வருகிற வழியில் பண்ணைக் களத்தைத் தாண்ட வேண்டும். அங்கே ஏஜெண்டு நிற்பார். மடியில் இருப்பது வளை நெல்லா, களத்தில் கைவைத்த நெல்லா என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. ஒவ்வொரு பெண்ணின் மடியிலும் கையை வைத்து அமுக்கிப் பார்ப்பார். இதற்கு எங்கள் ஊரில் ‘மடி பார்க்கிறது’ என்று பெயர். கல்யாணமாகாத பெண்களுக்கும் அதே கைதான்.

அந்த அறுப்பில் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு முதலில் வாய் திறந்தவள் என் அம்மா காளியம்மாள். ஆண்கள் தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது அவள்தான் முன்னால் போய்ப் பேசினாள். சில நாள் கழித்து நாங்கள் ஒரு வளையை வெட்டினோம். அம்மா மண்வெட்டி போட்டாள், நான் மண்ணை அள்ளித் தள்ளினேன். மடி நிறைய நெல் கிடைத்தது. களத்துக்கு வந்ததும் வைரக்கண்ணு அவள் மடியில் கையை வைத்தார். “இது களத்து நெல்லு” என்றார்.

“வளை நெல்லுய்யா. புள்ளையக் கேளுங்க” என்றாள் அம்மா.

என்னை யாரும் கேட்கவில்லை. மடியை அவரே அவிழ்த்து, நெல்லைப் பண்ணைக் குவியலில் கொட்டினார். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “மடிக் காளி” என்று ஒரு பெயரையும் வைத்தார். கூடியிருந்தவர்களில் சிலர் சிரித்தார்கள். எங்கள் தெருக்காரர்களும் சிரித்தார்கள். அதை நான் யாருக்கும் மன்னிக்கவில்லை.

பண்ணையில் அவளுக்கு வேலை நின்றது. பக்கத்து ஊருக்கு நடந்து போய் நாற்றுப் பறித்து என்னைப் படிக்க வைத்தாள். அந்தப் பெயர் மட்டும் போகவில்லை. நான் நூலக வேலைக்குச் சேர்ந்தபோது ‘மடிக் காளி மவளுக்கு கவர்மெண்டு வேலையாம்’ என்றார்கள். அவள் செத்த அன்றைக்குச் சேதி சொல்லப் போன ஆளும் ‘மடிக் காளி போயிட்டா’ என்றுதான் வீடு வீடாகச் சொன்னான். பேர் எப்படி வந்தது என்று தெரியாத சின்னஞ்சிறுசுகள்கூட அப்படியே சொல்லின.

எனக்கு வாழ்க்கையில் பாக்கி இருந்த ஆசை ஒன்றுதான். அது களத்து நெல் இல்லை என்று வைரக்கண்ணு தன் வாயால் சொல்ல வேண்டும். ஊர் கேட்கச் சொல்ல வேண்டும்.

வைரக்கண்ணு தன் கொல்லையை மனைகளாகப் போட்டு விற்றபோது ஒரு மனையை நான் வாங்கினேன். வேறு இடம் கிடைக்காமல் இல்லை. அவர் சம்சாரம் போன பிறகு, கண்ணிலும் புரை விழுந்த பிறகு, காலையில் போய்ப் பேப்பர் படித்துக் காட்ட ஆரம்பித்தேன். அவருக்கு நான் ‘லைப்ரரி அம்சம்’. யார் மகள் என்று அவர் கேட்டதே இல்லை. எங்கள் தெருப் பேச்சு அவர் காதுக்கு எட்டுகிற உயரத்தில் இல்லை. ஊர் என்னை இளிச்சவாய் என்றது. நேரடியாகக் கேட்டால் ‘இல்லை’ என்று சாதித்துவிடுவார், கோர்ட்டிலேயே சாதித்தவர். அதனால் வாய் தவறி வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அவர் வாய் தவறவே இல்லை. தலைப்புச் செய்திக்கு நடுவில் தூங்கிவிடுவார்.

இந்த நிலையில்தான் அந்தப் பிராணி வந்து சேர்ந்தது.

பெங்களூரில் இருக்கிற அவர் மகன் தன் பெண்ணுக்கு ஹாம்ஸ்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறான். குழந்தைக்கு மூச்சு இழுப்பு வந்துவிட்டது. தூக்கிப் போட மனமில்லாமல், பொங்கலுக்கு வந்தவன் கூண்டோடு அப்பாவிடம் விட்டுப்போனான். ரோஸ் நிறக் கூண்டு. உள்ளே ஒரு சக்கரம், ஒரு தண்ணீர்க் குப்பி, மரத்தூள், அதன் நடுவே இஞ்சி நிறத்தில் ஒரு எலி. ஹாம்ஸ்டர் என்றால் எலி இல்லையாம், வேறு ஜாதியாம். மகன் எனக்கு விளக்கினான். எலியில்கூட ஜாதி பார்க்கிற வீடு அது.

வைரக்கண்ணு அதை ‘ஆம்ஸ்டரு’ என்றார். “ஆம்ஸ்டரு, ஆம்ஸ்டரு” என்று அவர் கொஞ்சுகிறபோது முதல் வாரம் என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து இரண்டு தடவை எழுந்து போயிருக்கிறேன். பிறகு குழந்தை வைத்த பெயருக்கு மாறினார். பிஸ்கட் என்று பெயர். அவர் வாயில் அது பிஸ்கோத்து.

கிட்டி வைத்து வயல் எலிகளைக் கொல்ல ஆள் ஏவிய மனிதர், வாலுக்கு இவ்வளவு என்று கூலி பேசியவர், இந்த எலிக்கு நெல்லும் போட்டு, கேரட்டையும் துருவிப் போட்டார். குளிராக இருக்கிறதென்று கூண்டுக்குத் தன் துண்டைப் போர்த்தினார். பேப்பர் படிக்கும்போது என் குரல் ஓங்கினால், “மெதுவாப் படி, பிஸ்கோத்து தூங்குது” என்பார். கூலிக்காரப் பெண்கள் கைக்குழந்தையைப் புளியமரத்துத் தூளியில் போட்டுவிட்டு அவர் கண் எதிரில் நாள் முழுக்க நடவு நட்டிருக்கிறார்கள். அந்தக் குழந்தைகள் கத்தியது அவருக்கு என்றைக்கும் சத்தமாகக் கேட்டதில்லை. இதை உட்கார்ந்து பார்க்க எனக்குச் சகிக்காது. ஆனாலும் போனேன்.

மாசி மாதத்தில் எலிக்கு வலது கன்னம் வீங்கியது. முதலில் தீனியை அடக்கி வைத்திருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். ஹாம்ஸ்டருக்கு வாயின் இரண்டு பக்கமும் பை உண்டு. கிடைத்ததை அதில் திணித்துக்கொண்டு போய் ஒரு மூலையில் கொட்டிப் பதுக்கும். ஆனால் இந்த வீக்கம் வற்றவில்லை. அந்தப் பக்கத்துக் கண்ணில் நீர் வடிந்தது. கூண்டுக்குப் பக்கத்தில் போனால் நாற்றம். தீனியை முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே படுத்துக்கொண்டது. இரவெல்லாம் ஓடுகிற சக்கரம் நின்றுபோயிற்று.

வைரக்கண்ணு சாப்பிடவில்லை. சம்சாரம் செத்த அன்றைக்கு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்ட மனிதர் இவர். நான் கண்ணால் பார்த்தேன்.

திருத்துறைப்பூண்டி கால்நடை மருத்துவர் தங்கமான மனிதர். இத்தனூண்டு உயிருக்கு மயக்கம் கொடுக்கிற வசதி தன்னிடம் இல்லை, தஞ்சாவூருக்குக் கொண்டுபோங்கள் என்று ஒரு விலாசம் சொன்னார். வைரக்கண்ணு என் வீட்டுக் கொல்லை வாசலில் வந்து நின்றார். அந்த வாசலுக்கு அவர் வந்தது அதுவே முதல் தடவை.

“அம்சம், நீயும் வா. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. டாக்டர் சொல்றது வெளங்கணும்ல.”

“எலிக்காகவா?” என்றேன்.

“அதுவும் உசுருதான” என்றார். என்னிடம் சொன்னார் அதை. நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

மன்னார்குடி தாண்டுகிற வரை அவர் கூண்டை மடியில் அணைத்துக்கொண்டே வந்தார். பள்ளம் வரும்போதெல்லாம் கூண்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். வடுவூர் ஏரி வந்தபோது, “இது போயிடுச்சுன்னா எனக்கு யாரு இருக்கா” என்றார். கூண்டைப் பார்த்துத்தான் சொன்னார். அந்த ஒரு விஷயத்தில் பொய் இல்லை. மகன் பொங்கலுக்கு மட்டும் வருவான். ஊரில் ஒருத்தரும் அவரைத் தேடிப் போவதில்லை, நான் போவதும் அன்பினால் இல்லை.

தஞ்சாவூரில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெக்கரியா என்று ஒரு இளைஞர். நாய்களும் பூனைகளும் உட்கார்ந்திருந்த பெஞ்சுகளைத் தாண்டி எங்களை உள்ளே கூப்பிட்டார். எலியைத் துண்டில் சுற்றி, வாயைத் திறந்து, விளக்கடித்துப் பார்த்தார். எக்ஸ்ரே படமும் எடுத்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

“ஐயா, ரெண்டுல ஒண்ணு. கன்னப் பை உள்ள கிழிஞ்சு சீழ் வச்சிருக்கலாம். அப்படின்னா திறந்து சுத்தம் பண்ணித் தைச்சா பொழைச்சுக்கும். இல்லேன்னா இது புத்துக்கட்டி. அப்படின்னா திறந்தா மேசையிலயே போயிடும். படத்துல தெளிவாத் தெரியல. அதனால நீங்க சொல்றதுதான் எனக்கு ஆதாரம். இதை யாராவது அழுத்தினீங்களா? கன்னத்தைப் பிதுக்குற மாதிரி?”

“இல்லியே” என்றார் வைரக்கண்ணு. அதோடு நிறுத்தியிருக்கலாம். கண்ணை என் பக்கம் ஓட்டினார். “இந்தப் பொண்ணுதான் தெனம் காலையில வந்து போவும். அது ஏதும் கை வச்சுதோ என்னமோ.”

டாக்டர் என்னைப் பார்த்தார். களத்து வாசலில் அத்தனை பேர் பார்க்க நின்ற அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அந்த மேசைக்கு முன்னால் எனக்குப் புரிந்தது.

“கம்பி வழியாக் கேரட் போட்டிருக்கேன் டாக்டர். அந்த எலியைக் கையால தொட்டதே இல்ல” என்றேன். நூலகத்தில் புத்தகத்தைக் கிழித்தவனிடம் பேசுகிற குரலில் சொன்னேன். டாக்டர் நம்பினார் என்று நினைக்கிறேன். ஆனால் அதனால் எலிக்கு நன்மை இல்லை.

“யாருமே அழுத்தலேன்னா கட்டியாத்தான் இருக்கணும். சும்மா கஷ்டப்பட விட வேணாம் ஐயா. ஊசி போட்டுத் தூங்க வச்சுடலாம். வலி தெரியாது.”

வைரக்கண்ணு வேட்டியின் முனையைக் கசக்கினார். டாக்டர் ஊசி மருந்தை எடுக்க எழுந்தார். அலமாரியின் கண்ணாடிக் கதவு திறந்த சத்தம் கேட்டதும் வைரக்கண்ணு பேசினார்.

“டாக்டர், அது கட்டி இல்ல.”

“எப்படிச் சொல்றீங்க?”

“உள்ள நெல்லு கெடக்கு. எனக்குத் தெரியும்.”

“படத்துல தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தெனம் சாயங்காலம் நான்தான் அமுக்கிப் பாப்பேன்” என்றார். சொல்லிவிட்டு வலது கையைத் தூக்கிக் காட்டினார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, எதையோ பிதுக்குவதுபோல் ஒரு அமுக்கு அமுக்கினார். “இது வாயில நெல்ல ஒளிச்சு வச்சுக்கும். கையில எடுத்து இப்புடி ஒரு அமுக்கு. கக்கிடும். பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துடுவேன். போன வாரம் ஒரு நா கக்க மாட்டேன்னுச்சு. கொஞ்சம் பலமா அமுக்கினேன். அப்பவே ஒரு சத்தம் போட்டுச்சு.”

டாக்டர் அலமாரிக் கதவைச் சாத்தினார். “அது அதோட சாப்பாடுதானே ஐயா? நீங்க போட்டதுதானே?”

“இருந்தாலும் பாக்கணும்ல” என்றார் வைரக்கண்ணு. “திங்குதா, பதுக்குதான்னு பாக்க வேணாமா?”

எண்பது வயதை நெருங்குகிற ஆள். சொத்து இருக்கிறது, நெல் மூட்டை அடுக்கியிருக்கிறது. ஒரு எலி தன் கன்னத்தில் நாலு நெல் வைத்துக்கொள்வது அவருக்குப் பொறுக்கவில்லை. இப்படிப்பட்ட மனிதனை எந்தச் சட்டம் போட்டு என்ன செய்ய முடியும்.

டாக்டருக்கு இன்னும் சந்தேகம். “நெல்லுதான்னு நிச்சயமா சொல்றீங்களா? நீங்க சொல்றதை நம்பித்தான் கத்தி வைக்கப் போறேன். தப்பா இருந்தா இது செத்துடும்.”

இங்கேதான் வைரக்கண்ணுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“டாக்டர், இது மடி பாத்த கை. பண்ணையில ஏஜெண்டா இருந்தவன் நான். பொம்பளைங்க மடியில நெல்ல முடிஞ்சு எடுத்துட்டு வருவாளுவ. மடிய அவுக்கவே வேணாம். மேல கைய வச்சா போதும். களத்து நெல்லு வெயில்ல கெடந்த நெல்லு, சூடா இருக்கும். வளை நெல்லு மண்ணுக்குள்ள கெடந்தது, சில்லுன்னு இருக்கும். சேலைக்கு மேலயே தெரிஞ்சுடும். இந்தக் கை தப்புனதே கெடையாது.”

“ஒரு தடவைகூடவா?” என்று கேட்டேன்.

“ஒரு தடவைகூட.”

டாக்டருக்கு அந்தக் கதையில் அக்கறை இல்லை. அழுத்தியது யார், எப்போது, எந்தப் பக்கம் என்று தெரிந்ததே அவருக்குப் போதும். எலியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். விரல் நுனி அளவுக்கு ஒரு மூடியை அதன் மூக்கில் வைத்து மயக்கம் கொடுப்பது கதவு இடுக்கில் தெரிந்தது. எங்களை வெளியே உட்காரச் சொன்னார்கள்.

பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தக் கை தப்பியதே இல்லை என்றால், அம்மா மடியில் இருந்தது வளை நெல் என்று அன்றைக்கே அவருக்குத் தெரியும். நான் இத்தனை காலம் காத்திருந்த வார்த்தை வந்துவிட்டது. ஆனால் எனக்காக வரவில்லை, அம்மாவுக்காகவும் வரவில்லை. எலியைக் காப்பாற்ற வந்தது, அதிலும் பாதி பெருமைக்காக வந்தது. எனக்கு அது போதவில்லை.

“காளியம்மா மடியில கை வச்சீங்களே, அது சூடா இருந்துச்சா, சில்லுன்னு இருந்துச்சா?” என்றேன்.

“எந்தக் காளியம்மா?”

“தங்கையன் சம்சாரம். எங்க அம்மா.”

அவர் யோசித்தார். நடிக்கவில்லை, உண்மையாகவே யோசித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “அப்புடி ஒருத்தி ஞாபகத்துல இல்லியே. எத்தனையோ பேரு வருவாளுவ. மடி ஞாபகம் இருக்கும், மூஞ்சி இருக்காது.”

அம்மா அந்த ஒரு சாயங்காலத்தைச் சாகிற வரை சுமந்தாள். நானும் சுமந்தேன். இவர் அதை அன்றைக்கே அங்கேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறார். கதவைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார், எலி என்ன ஆயிற்று என்ற கவலை. அந்தப் பேரைச் சொன்னால்தான் இவருக்குத் தெரியும் என்று எனக்குத் தோன்றியது. அதுவரை அந்தப் பேரை நான் வாயால் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் சொன்ன பிள்ளைகளை அடித்திருக்கிறேன்.

“மடிக் காளி” என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“அட, மடிக் காளியா. அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? நீ அவ மவளா? சில்லுன்னுதான் இருந்துச்சு. நல்லா ஞாபகம் இருக்கு. மண்ணுகூட ஒட்டியிருந்துச்சு. வளை நெல்லுதான், சந்தேகமே இல்ல. ஆனா அவளுக்கு வாயி நீளம். கூலியக் கூட்டிக் கேட்டு எல்லாரையும் கெளப்பிவிட்டா. வாய அடைக்க வேற என்னா வழி?” என் முழங்கையைத் தட்டினார். “அதெல்லாம் பழய கத. உள்ள என்னா ஆச்சுன்னு போய்ப் பாரு.”

நான் போகவில்லை. அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் ஒரு அம்மா பொமரேனியன் நாயைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் எதிரில் ஒரு கிழவனை அறைவதற்கு என் படிப்பு இடம் கொடுக்கவில்லை. அந்தப் படிப்பின்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

டாக்டர் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தோடு வெளியே வந்தார். சீழும் ரத்தமுமாக அதில் சில நெல் கிடந்தது. உமி குத்திப் பை கிழிந்திருந்ததாம். தையல் போட்டாயிற்று, பிழைத்துவிடும் என்றார். வைரக்கண்ணு அழுதார். மூக்கு ஒழுக, உடம்பு குலுங்க, பொமரேனியன் அம்மா திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல்.

“ரெண்டு வேளை மருந்து போடணும். தீனிய மெத்துன்னு கரைச்சுக் குடுக்கணும். இனிமே யாரும் அந்த வாயில கை வைக்கக் கூடாது” என்றார் டாக்டர். சொல்லும்போது அவர் பார்வை வைரக்கண்ணுவின் வலது கையில் நின்றது. பிறகு கூண்டை என்னிடம் நீட்டினார். “அம்மா, நீங்க பாத்துக்குவீங்களா?”

வாங்கிக்கொண்டேன். எனக்கு எலிமேல் பாசம் எதுவும் இல்லை. அந்தக் கையில் கொடுக்கக் கூடாது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

காரில் அவர் கையை நீட்டினார். “குடு, நான் வச்சுக்கிறேன்.”

“இது எங்க வீட்டுல இருக்கும்” என்றேன்.

“எத்தனை நாளைக்கு?”

“இது இருக்குற வரைக்கும்.”

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கூண்டையே பார்த்துக்கொண்டு வந்தார். வடுவூர் வரும்போது மெதுவாகக் கேட்டார், “பாக்க வரலாம்ல?”

“வரலாம்” என்றேன். “அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்.”

என்ன சொல்ல வேண்டும், எங்கே நின்று சொல்ல வேண்டும் என்பதை ஊர் வருகிற வரை அவருக்கு விளக்கினேன். டிரைவர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. அவனும் எங்கள் தெருப் பையன்.

பிஸ்கட் இப்போது என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. தையல் ஆறிவிட்டது. கன்னம் கொள்ளாமல் நெல்லைத் திணித்துக்கொண்டு போய் மரத்தூளுக்கு அடியில் பதுக்குகிறது. நான் கிளறிப் பார்ப்பதில்லை. எவ்வளவு வைத்திருக்கிறதோ வைத்திருக்கட்டும்.

வைரக்கண்ணு சாயங்காலம் வருவார். கொல்லை வழியாக வர விடமாட்டேன். தெருவைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குத்தான் வர வேண்டும். நூறு நாள் வேலை முடிந்து எங்கள் தெருப் பெண்கள் திரும்புகிற நேரம் அது. அன்றைக்குக் களத்தில் சிரித்தவர்களில் இன்னும் உயிரோடு இருக்கிற பொன்னுத்தாய் எதிர் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். அவர் தெருவைப் பார்த்து நின்று சொல்ல வேண்டும்: “காளியம்மா மடியில இருந்தது வளை நெல்லு. களத்து நெல்லு இல்ல.” சொன்ன பிறகு உள்ளே வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கூண்டைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

முதல் நாள் முந்தானைக்குள் பேசுகிற புதுப்பெண்போல முனகினார். பெண்கள் நின்று பார்த்தார்கள். இப்போது அவர்கள் நிற்பதுகூட இல்லை, நடந்துகொண்டே கேட்டுக்கொண்டு போகிறார்கள். பொன்னுத்தாய் ஒரு நாள் எழுந்து வந்து, “காளியம்மா மவளே” என்று என்னைக் கூப்பிட்டாள். அதோடு திரும்பிப் போய்விட்டாள்.

மகன் பெங்களூரிலிருந்து போன் பண்ணினான். “எங்கப்பாவை அவமானப்படுத்துறீங்களாமே” என்றான். ஆமாம் என்றேன். எலியை வேண்டுமானால் பெங்களூருக்கே எடுத்துப் போ என்றேன். குழந்தைக்கு மூச்சு இழுக்கும் என்று போனை வைத்துவிட்டான்.

எலிக்கு ஆயுசு குறைவு, மிஞ்சிப்போனால் இன்னும் ஒரு வருஷம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் ஒரு நாளும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. நேற்று மழைத் தூறல். வைரக்கண்ணு குடையைப் பிடித்துக்கொண்டு வந்து, வாசலில் நின்று, அவசரமாகச் சொல்லிவிட்டு உள்ளே காலை வைத்தார். குரல் எதிர்வீடு வரை போகவில்லை. நிறுத்தி, இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன்.